மைசூர் மைன்ஸ் பெண்களும் ‘விழிப்புணர்வின்மை’ என்னும் வசதியான முடிவும்

இந்தியப் பெண்களின் வைட்டமின் டி குறைபாட்டைப் பற்றிப் பல்கலைக்கழகத் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளில் பல, வெவ்வேறு ஊர்களில் தொடங்கி ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன: விழிப்புணர்வின்மை. ஒரு கேள்வித்தாள் தயாராகிறது. ‘வைட்டமின் டி எதிலிருந்து கிடைக்கிறது?’, ‘ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் வெயிலில் இருக்கிறீர்கள்?’, ‘வெயிலில் செல்லும்போது முகத்தை மூடிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்கப்படுகிறது. விடைகளுக்கு மதிப்பெண் இடப்படுகிறது. இத்தனை சதவீதப் பெண்களுக்கு அறிவு போதவில்லை, இத்தனை சதவீதத்தினரின் மனப்பான்மை சரியில்லை என்று அட்டவணை போடப்படுகிறது. கடைசி அத்தியாயத்தில் சுகாதாரக் கல்வி பரிந்துரைக்கப்படுகிறது. இந்த முடிவு ஆய்வாளருக்கும் வழிகாட்டிக்கும் வசதியானது. அந்தப் பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அது எல்லோரையும்விட வசதியானது. குறைபாட்டின் காரணம் பெண்ணின் தலைக்குள் இருப்பதாக எழுதிவிட்டால், அவளுடைய நாள் எப்படிக் கழிகிறது என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

இந்த முடிவைக் கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதிக்குக் கொண்டுசென்று வைத்துப் பார்த்தால் அது ஒரு நாள்கூட நிற்காது.

மைசூர் மைன்ஸ் ஏறக்குறைய வட அட்சரேகை 13 பாகையில், கடல் மட்டத்துக்குச் சுமார் 850 மீட்டருக்கு மேல், வெயிலுக்குப் பஞ்சமில்லாத பீடபூமியில் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு இங்கே உழைப்பதற்கு வேலை இல்லை. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குப் போகிறார்கள். அவர்களில் பெண்கள் ஆயத்த ஆடை ஆலைகளிலும் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகத் துப்புரவுப் பணியிலும் இருக்கிறார்கள். வழக்கில் அந்த ஆலைக்குக் ‘கார்மென்ட்ஸ்’ என்றே பெயர். போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, வரவும் அப்படியே. நடுவில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ குழல்விளக்கின் கீழ் தையல் எந்திரம். வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். இந்தப் பெண்ணிடம் சூரிய ஒளியின் நன்மையை எடுத்துரைப்பதற்கு ஆய்வு உதவித்தொகை தேவைப்படுவது விந்தைதான்.

அறிவியல் சொல்வது என்ன என்பதைத் துல்லியமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் மழுப்பல் அங்கேதான் தொடங்குகிறது. தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் வைட்டமின் டி3 ஆக மாறுவதற்குச் சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் வேண்டும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர். சூரியன் தாழ்வாக இருக்கையில் அந்தக் கதிரின் பெரும்பகுதியை வளிமண்டலமே விழுங்கிவிடுகிறது. சாதாரணச் சன்னல் கண்ணாடி மிச்சத்தையும் தடுத்துவிடுகிறது. திருப்பதியில் ஹரிநாராயணும் அவரது குழுவினரும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியச் சூழலில் இந்த மாற்றம் காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையே நன்கு நிகழ்கிறது என்று காட்டியது. திருப்பதியும் தங்கவயலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை. ஆகவே வார இதழ்களின் மருத்துவப் பக்கங்கள் ஓயாமல் பரிந்துரைக்கும் ‘காலை இளவெயில்’ இந்தக் காரியத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை. ரயில் சன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவைத்து ஏழு மணி வெயிலை முகத்தில் வாங்கினாலும் பயன் சொற்பம். பயன்படும் அந்த மூன்று மணி நேரம் முழுவதும் அவள் கூரைக்குக் கீழே இருக்கிறாள். அவளுடைய உடல் எந்த மூன்று மணி நேரத்தை வேண்டுகிறதோ, அதே மூன்று மணி நேரத்தைத்தான் ஆலை கூலிக்கு வாங்கியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று ஒரு மறுப்பு எழலாம். அது உடலியல்படி அற்பமான மறுப்பு அல்ல. இரத்தத்தில் சுற்றும் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டியின் அரை ஆயுள் இரண்டு மூன்று வாரம்; எனவே வாரம் ஒரு நாள் நடுப்பகல் வெயில் கூடக் கணக்கில் சேரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஒரு தொழிலாளி வீட்டுப் பெண் எங்கே இருப்பாள் என்பது தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எந்த ஆய்வாளருக்கும் தெரியும். அடுப்படியில் இருப்பாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் கறிச்சோறு.

இனி, தோல் நிறத்தின் மேல் பழி போடும் வாதம். மெலனின் மிகுந்த தோலுக்கு அதே அளவு வைட்டமினை உண்டாக்க அதிக நேரம் வேண்டும் என்பது மெய். அதை விதியாக்குவது பொய். தான்சானியாவின் மாசாய், ஹட்சா மக்களிடம் லக்ஸ்வோல்டாவும் அவரது குழுவினரும் அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி அளவு லிட்டருக்கு 115 நானோமோல், அதாவது மில்லி லிட்டருக்குச் சுமார் 46 நானோகிராம். குறைபாட்டின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 20 நானோகிராமைப் போல இருமடங்குக்கும் மேல். அவர்களின் தோல் தங்கவயல் பெண்களின் தோலைவிட வெளுப்பானதல்ல. அவர்கள் பகலில் வெளியே இருக்கிறார்கள், அவ்வளவே. திருப்பதிக் குழுவே 2007இல் வெளியிட்ட முந்தைய ஆய்வில் நகரப் பெண்களின் சராசரி சுமார் 15.5 நானோகிராம், கிராமப் பெண்களுடையது சுமார் 19. கிராம ஆண்களோ 20ஐத் தாண்டியிருந்தார்கள். ஒரே வட்டாரம், ஒரே நிறம். அளவு மாறியது வேலையும் பாலினமும் மாறியதால்தான். கறுப்புத் தோலை நோயின் காரணமாக எழுதும் கட்டுரைகள், அதே தோலை வெளுக்கச் சொல்லி முகப்பூச்சு விற்கும் நாட்டில், தலித் உழைப்பாளர்கள் கட்டிய ஊரின் பெண்களைப் பற்றி எழுதப்படும்போது, ஆசிரியர் எண்ணாத ஒரு பொருளையும் சுமக்கின்றன.

பெண்ணின் பழக்கத்தைக் குற்றவாளியாக்கும் மரபு பழையது. காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வாகன் என்னும் ஆங்கில மருத்துவர் 1928இல் பர்தா முறைக்கும் தாய்மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெயில் படாத பெண்களின் எலும்புகள் மென்மையாகி, இடுப்பெலும்பு குறுகி, பிள்ளைப்பேறே உயிருக்கு ஆபத்தாவதை அவர் கண்டார். ஆஸ்டியோமலேசியா என்னும் எலும்பு நலிவு அது. கண்டது சரி. ஆனால் அடைபட்டிருப்பது ‘அவர்களின் வழக்கம்’ என்று கூறிவிடும்போது அடைப்பவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். இன்று பர்தாவின் இடத்தில் ஆலைச் சுவர் இருக்கிறது. அதை எந்த ஆய்வேடும் ‘வழக்கம்’ என்று எழுதாது, எழுதவும் முடியாது. எழுதினால் யாருடைய வழக்கம் என்ற கேள்வி வரும்.

தங்கவயலில் நோயை எண்ணிப் பார்க்கும் மரபு இல்லாமல் போகவில்லை. சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இங்கே எண்ணப்பட்டது. 1940இல் மைசூர் சமஸ்தானம் சிலிக்கோசிஸ் விதிகளை இயற்றியது. அதைத் தொடர்ந்து 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களின் மார்பு ஊடுகதிர்ப் படங்கள் பரிசோதிக்கப்பட்டன. நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டிருந்தது. இந்தியத் தொழில்சார் மருத்துவ வரலாற்றில் முதன்மையான ஆவணங்களில் ஒன்று அது. ஆண்களின் நுரையீரல் எண்ணப்பட்டது ஏன்? நிறுவனத்தின் மனம் கனிந்ததால் அன்று. இழப்பீடு என்ற சொல் சட்டத்தில் ஏறியதால், நோய் யாரோ ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் செலவாக மாறியது. செலவு என்றானதும் எண்ணிக்கை தேவைப்பட்டது. அந்தத் தொழிலாளர்களின் மனைவியர், மகள்களின் எலும்பு எவருடைய செலவும் அன்று. அதனால் எண்ணப்படவில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ் இருந்தது; பகலெல்லாம் உள்ளே வைத்து உண்டாக்கும் குறைபாடு இருந்ததில்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. நிலத்துக்கடியில் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்த தந்தையைவிட, தரைக்கு மேலே உழைக்கும் மகளுக்கு நடுப்பகல் வெயில் குறைவாகவே வாய்க்கிறது. சுரங்கம் மூன்று ஷிப்டுகளில் ஓடியது. ஷிப்டு மாறி மாறி வந்தது. இரவு இறங்கியவன் பகலில் ஊருக்குள் இருந்தான். பிற்பகல் இறங்கியவனுக்கு முற்பகல் சொந்தம். வேலையும் வீடும் ஒரே ஊரில், நடை தூரத்தில் இருந்தன. சங்கொலி கேட்டு எழுந்த ஊர் அது. மகளுக்கோ ஷிப்டு மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் அதே பொதுப்பணி நேரம், அதற்கு இருபுறமும் ரயில். சுரங்கம் கொடியது, அதை ஏக்கத்துடன் நினைக்க எவருக்கும் காரணம் இல்லை; பாறை வெடிப்பில் போன உயிர்களுக்கு அங்கே நீண்ட கணக்கு இருக்கிறது. ஆனாலும் சுரங்கத்தைத் தொழிலாளி கேள்வி கேட்டான். சங்கம் இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது, நிறுவன மருத்துவமனை இருந்தது. அந்த மருத்துவமனையும் மூடலோடு ஓய்ந்தது. மகளின் தலைமுறைக்கு அந்த மூன்றில் எது மிஞ்சியது என்பது தொழிலாளர் வரலாறு எழுதுவோர் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு வெயில் தாராளம் என்று எண்ணுவதும் ஊரைப் பாராதவர் எண்ணமே. நிறுவனம் தொழிலாளருக்குக் கட்டியவை லைன் வீடுகள். தகரக் கூரையும் தட்டியும், ஒன்றோடொன்று ஒட்டிய சுவர்களும். முற்றம் கிடையாது. ‘கைகளையும் முதுகையும் வெயிலில் காட்டுங்கள்’ என்று அறிவுரைப்பவர், ஒரு பெண் அதை எந்த இடத்தில் செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பிறகு சயனைடு மேடுகள். தங்கம் பிரித்த பின் கொட்டிய அரைத்த பாறைத் துகள் சுமார் 3.3 கோடி டன், குன்றுகளாக ஊருக்கு நடுவே கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அது பறந்து வந்து சோற்றில் விழும். கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பதே விவேகம். வெளியே போனால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டே போக வேண்டும். ‘முகத்தை மூடிக்கொள்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு அவள் ‘ஆம்’ என்பாள். கேள்வித்தாள் அதைத் தவறான நடைமுறை என்று குறித்துக்கொள்ளும்.

உணவின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் இயற்கை உணவிலிருந்து கிடைக்கும் வைட்டமின் டி எப்போதுமே சிறிதளவுதான். கொழுப்பு மிகுந்த கடல்மீனும் முட்டை மஞ்சளும் பெரும்பாலும் அதோடு சரி. கவனிக்க வேண்டியது கால்சியம். கால்சியம் குறைந்த, ஃபைட்டேட் மிகுந்த தானிய உணவில் உடல் வைட்டமின் டியை வேகமாகச் செலவழிக்கிறது. திருப்பதிக் குழுவின் 2007 ஆய்வு சுட்டியதும் இந்தக் கூட்டுக் குறைபாட்டையே. கேழ்வரகுக் களியை விட்டு ரேஷன் அரிசிக்கு மாறிய குடும்பங்கள் கால்சியத்தில் இழந்தது பெரிது. அந்த அரிசியைச் செறிவூட்டும் அரசுத் திட்டத்திலும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்க்கப்படுகின்றன; டி இல்லை. பாலிலும் எண்ணெயிலும் டி சேர்ப்பதற்கான நெறிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வகுத்தது, ஆனால் சேர்ப்பது உற்பத்தியாளர் விருப்பம். விலை குறைந்த சில்லறை எண்ணெயை வாங்கும் வீட்டுக்கு அந்த விருப்பம் எத்தனை தூரம் எட்டும்?

‘கருவுறும் வயதுப் பெண்கள்’ என்ற தொடரையே இனி விசாரிக்க வேண்டும். 15 முதல் 49 வயது வரையுள்ளோரை இப்படிக் குறிப்பது மக்கள்தொகை இயலின் வழக்கு. கருப்பை இருப்பதால் மட்டுமே அவள் எலும்புக்கு ஆய்வுத் தகுதி கிடைக்கிறது. கொள்கையும் அதே வழியில் நடக்கிறது. 2014இல் வெளியான தேசிய வழிகாட்டுதலின்படி கர்ப்பிணிக்கு 14ஆம் வாரம் முதல் நாளுக்கு இரு வேளை, 500 மில்லிகிராம் கால்சியத்துடன் 250 அலகு வைட்டமின் டி3 சேர்ந்த மாத்திரை தரப்பட வேண்டும். பேற்றுக்குப் பின் ஆறு மாதம் தொடர வேண்டும். நல்ல திட்டம். ஆனால் பதினெட்டு வயதில் கார்மென்ட்ஸுக்குப் போனவள் இருபத்துநான்கில் கருவுற்றால், அந்த ஆறு ஆண்டு இருட்டுக்கும் அரசிடம் மாத்திரை இல்லை. கரு உண்டான மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான் அவள் உடல் கண்ணில் படுகிறது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் மீண்டும் மறைந்துவிடுகிறது. ஐம்பதைத் தாண்டியபின் இடுப்பெலும்பு முறிந்தால் அது முதுமை.

கருவுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கும் கர்நாடகத்திலேயே விடை தேடப்பட்டிருக்கிறது, மைசூர் மைன்ஸில் அன்று, மைசூர் நகரத்தில். ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பேறு பார்த்துக்கொண்ட 559 தாய்மாரில் 66 சதவீதத்தினர் லிட்டருக்கு 50 நானோமோலுக்குக் கீழே இருந்தனர் என்று ஃபாரண்டும் அவரது குழுவினரும் 2009இல் எழுதினர். கர்ப்பகால நீரிழிவோடும் சிசுவின் பிறப்பு அளவோடும் தொடர்பு காணப்படவில்லை என்பதையும் அவர்களே எழுதினர். 2011இல் அதே பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த கிருஷ்ணவேணி குழுவினர், குறைபாடுள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கைத்தசைப் பரப்பு குறைவாகவும் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாகவும் இருப்பதைக் கண்டனர். ஆக, சான்று கலவையானது. வைட்டமின் டி எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்பவர்களுக்கு இது பிடிக்காது. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கூடுதல் வைட்டமின் டி கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை; அமெரிக்காவின் பெரிய சோதனையொன்று, ஏற்கெனவே பெரும்பாலும் குறைபாடற்ற முதியோரிடம் அது எலும்பு முறிவைக் குறைக்கவில்லை என்று 2022இல் காட்டியது. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘எல்லாம் மிகை’ என்று தள்ளிவிடும் இன்னொரு கூட்டமும் கல்விப்புலத்தில் உண்டு. போதுமான அளவு உள்ளவர்க்கு மேலும் கொடுத்துப் பயனில்லை என்பதால், இல்லாதவர்க்குக் கொடுக்கத் தேவையில்லை என்று ஆகிவிடாது. தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. சிசு பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவரும் இருப்பே அதன் முதல் மாதங்களின் முதல். தாயிடம் இல்லையெனில் சிசுவின் இரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வரலாம், பின்னர் கால் வளையலாம். இவை விவாதத்துக்குரிய கருதுகோள்கள் அல்ல; நூறாண்டாக மருத்துவம் அறிந்தவை.

பரிசோதனை வணிகத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தனியார் ஆய்வகத்தில் இந்த ஓர் இரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு தையல் தொழிலாளியின் ஒரு நாள் கூலியைத் தாண்டும். மருந்தோ அதைவிட மலிவு. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024இல் திருத்திய வழிகாட்டுதலில், ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்வதையே ஆதரிக்கவில்லை. கர்ப்பிணிகளுக்குப் பரிசோதிக்காமலே மிதமான அளவு தரலாம் என்றது. ஏழைப் பெண்ணை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புவது அவளுடைய எலும்புக்குச் செய்யும் உதவி அன்று.

செய்யக்கூடியவை எளியவை, அதனால்தான் அவை பேசப்படுவதில்லை. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி இடைவேளை கட்டாயம் என்றது. வரிசையில் நின்று, டப்பாவைத் திறந்து, உண்டு, கழிப்பறை போய் வர அந்த அரை மணி போதாது. நடுப்பகலில் விழும் அந்த இடைவேளையைத் திறந்தவெளியோடு சேர்த்து ஒரு மணியாக்குவது ஒரு திருத்தத்தில் முடியும். ஆனால் 2023இல் கர்நாடகச் சட்டமன்றம் செய்த திருத்தமோ வாரத்துக்கு 48 மணி என்ற எல்லைக்குள் ஒரு நாள் வேலையை 12 மணி வரை நீட்ட வழிவிட்டது. ரயில் நேரத்தையும் கூட்டினால் அது பதினாறு மணி. ஆலைப் பெண்களின் சம்பளத்தில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு மாதந்தோறும் பிடித்தம் உண்டு. அந்தக் காப்பீட்டின் மருந்தகங்களில் கருவுறுதலுக்குக் காத்திராமல் கால்சியமும் டியும் வழங்குவதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டாம். சட்டத்தின் நோய்ப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தால், 1940இல் நுரையீரலுக்கு நடந்தது எலும்புக்கும் நடக்கும்: எண்ணத் தொடங்குவார்கள்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை தங்கவயலின் 13 சயனைடு மேடுகளை மீண்டும் தோண்டுவதற்கான ஒன்றிய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்த மண்ணில் டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் மிச்சமிருக்கிறது என்பது மேடு மேடாகத் துளையிட்டு அளக்கப்பட்டிருக்கிறது. அம்மேடுகளின் அடிவாரத்தில் வாழும் பெண்களின் இரத்தத்தில் மில்லி லிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று அளக்க முன்வரும் துறை, கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். மாரிக்குப்பத்தில் முதல் ரயில் ஏறும் பெண்ணின் கையில் ஒரு புற ஊதாக் கதிர் அளவியைக் கட்டி, இரவு அவள் இறங்கும்போது அது காட்டும் எண்ணை, ஆலையின் பெயரோடும் இடைவேளையின் நிமிடங்களோடும் சேர்த்து அட்டவணையில் எழுதட்டும்.